எச்-2பி விசா: அமெரிக்க முதலாளிகள் கேட்கிறார்கள் என்பதற்காக நகையை அடகு வைக்கலாமா?

வாசகி கேள்வி: என் மகனுக்கு 26 வயது. கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துகிறவர்களிடம் ஐந்து வருடமாக அறைப் பராமரிப்பு வேலை பார்க்கிறான். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். அமெரிக்காவில் கடற்கரை ஊர் ஒன்றில் பெரிய ஹோட்டலில் இதே வேலை இருக்கிறது, எச்-2பி விசா, மூன்று வருடம் கழித்துக் கிரீன் கார்டு என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் ஆறரை லட்சம் கேட்கிறார். 50,000 முன்பணமாகக் கொடுத்துவிட்டோம், பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. அங்குள்ள முதலாளிகளே இந்த விசாவைக் கூட்டித் தரச் சொல்லி அரசாங்கத்திடம் போராடுகிறார்கள் என்று பத்திரிகைச் செய்திகளைக் காட்டினார். தூதரகத்தில் கேட்டால் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறார். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கலாம் என்றிருக்கிறோம். முதலாளிகளே வேண்டி விரும்பி அழைக்கும்போது பயப்பட என்ன இருக்கிறது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அம்மா, நகையை அடகு வைக்க வேண்டாம்; இனி ஒரு ரூபாய்கூட அந்த ஏஜென்டிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த ஆஃபர் லெட்டரின் ஜெராக்ஸைப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். காரைக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்டிருக்கும் வழக்கறிஞன் என்ற முறையில், அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், உங்கள் நம்பிக்கைக்கு அடிப்படையாக இருக்கும் அந்தப் பத்திரிகைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஏனென்றால் அது பொய்யில்லை. ஏஜென்ட் உண்மையான செய்தியைக் காட்டித்தான் உண்மையில்லாத ஒன்றை விற்கிறார்.

அமெரிக்காவில் விவசாயம் அல்லாத தற்காலிக வேலைகளுக்கு வெளிநாட்டவரை அழைக்கும் விசாதான் எச்-2பி. 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் ஒன்றாக இருந்த பிரிவை 1986-இல் இரண்டாகப் பிரித்து, விவசாயத்துக்கு எச்-2ஏ என்றும் மற்றவற்றுக்கு எச்-2பி என்றும் வைத்தார்கள். விவசாய விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. எச்-2பிக்கு 1990-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 66,000 என்று வரம்பு கட்டியது. அது இன்றும் அப்படியே நிற்கிறது. அந்த 66,000-உம் அரையாண்டுக்கு 33,000 வீதம் பிரிக்கப்பட்டிருக்கிறது. புல்வெளி பராமரிப்பவர், கோடை விடுதி நடத்துபவர், மீன் பதப்படுத்துபவர் என்று எல்லாருக்கும் ஏப்ரல் முதல் தேதியில் ஆள் வேண்டியிருப்பதால், ஜனவரி முதல் மூன்று நாட்களில் வந்து குவியும் விண்ணப்பங்களை அந்நாட்டுத் தொழிலாளர் துறை குலுக்கல் முறையில் வரிசைப்படுத்த வேண்டிய நிலை 2019 முதல் இருந்துவருகிறது. 2018-இல் மேரிலாந்து மாநிலத்தில் நண்டை உடைத்துச் சதை எடுக்கும் சிறு நிறுவனங்கள் பல, அப்போது குடியேற்றத் துறை நடத்திய குலுக்கலில் பெயர் வராமல் சீசன் முழுக்க மேசைகளைக் காலியாக வைத்திருந்தன. ஆண்டுதோறும் வந்து போன அதே பெண்கள் மெக்சிகோவில் காத்திருக்க, மேரிலாந்தில் நண்டு வந்திறங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்கள் ஒன்றுகூடி வரம்பை உயர்த்தக் கேட்பதில் கபடம் எதுவும் இல்லை. அவர்களுடைய தேவை நிஜம். உள்ளூர்க் கூலி உயராமல் இருப்பதற்கு இந்த விசாவே காரணம் என்று அங்குள்ள தொழிற்சங்கங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அது அவர்கள் வீட்டு வழக்கு. நமக்கு வேண்டியது வேறு.

நமக்கு வேண்டியது, அந்த முதலாளிகள் கேட்டு வாங்கியது யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. அவர்களுடைய வற்புறுத்தலின் பலனாக 2017 முதல் அமெரிக்க நாடாளுமன்றம் கூடுதல் விசாக்களை அனுமதித்துவருகிறது. 2025 நிதியாண்டில் அந்தக் கூடுதல் 64,716; வழக்கமான 66,000-ஐச் சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் ஏஜென்ட் காட்டிய தாளில் 'இரட்டிப்பு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது இதுதான். ஆனால் அந்த 64,716-இல் 44,716, முந்தைய ஆண்டுகளில் இதே விசாவில் வந்து திரும்பிய பழைய பணியாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மீதி 20,000 குவாத்தமாலா, ஹோண்டுராஸ், கொலம்பியா உள்ளிட்ட ஏழு நாட்டவருக்கு. இந்தியா அந்த ஏழில் இல்லை. முதன்முறையாகப் போகிற கானாடுகாத்தான் பையனுக்கு அந்த ஆண்டுக் கூடுதலில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது. அவன் பழைய 66,000-இல்தான், குலுக்கலில் இடம் பிடித்த ஒரு முதலாளியின் வழியாக நுழைந்திருக்க வேண்டும். முதலாளிகள் எவ்வளவு உரக்கக் கேட்டாலும், அவர்கள் கேட்பது போன வருடம் தங்களிடம் வேலை பார்த்த அதே ஆட்களைத்தான். வேலை பழகிய ஆளை விட்டுப் புது ஆளைத் தேட எந்த முதலாளிக்கும் மனம் வராது, நம் ஊர்ச் சமையல் கான்ட்ராக்டருக்கும்கூட.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2009 முதல் இந்த விசாவுக்குத் தகுதியான நாடுகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. இந்தியா அதில் இடம்பெறவில்லை. 2025 ஜனவரி 17 முதல் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். ஆகவே இந்தியருக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் திறந்த கதவு வேறு, அதன் வழியே நடந்து நடந்து தேய்ந்த பாதை வேறு. இந்த விசாவில் போகிறவர்களில் பெரும்பகுதியினர் மெக்சிகோ நாட்டவர். 'எங்கள் மூலம் இருபது வருடமாக ஆட்கள் போகிறார்கள்' என்று உங்களிடம் சொல்லப்பட்டிருந்தால், அந்த இருபது வருடத்தில் பெரும்பகுதி இந்தியா பட்டியலுக்கு வெளியே இருந்த காலம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி அந்த ஆஃபர் லெட்டர். ஒரே பக்கம். மேலே ஹோட்டலின் சின்னம், கீழே ஒரு முத்திரை, நடுவில் 'மாதம் 3,000 டாலர், மூன்று ஆண்டு, தொடர்ந்து நிரந்தரக் குடியுரிமை'. வேலை தொடங்கும் தேதியும் இல்லை, முடியும் தேதியும் இல்லை. தொடர்புக்குக் கொடுத்திருக்கும் மின்னஞ்சல், எவரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய ஜிமெயில் முகவரி. உண்மையான எச்-2பி வேலை இப்படித் தொடங்காது. முதலாளி முதலில் தொழிலாளர் துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு அவர் கொடுக்கும் பணி ஆணையில் மணிக்கூலி எவ்வளவு, வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சம்பளத்தில் எதெதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் வரிவரியாக இருக்க வேண்டும். சீசன் வேலைக்கு அந்தக் காலம் பொதுவாக ஒன்பது மாதத்தைத் தாண்டாது. தொழிலாளர் துறை இந்த ஆணைகள் அனைத்தையும் 'சீசனல் ஜாப்ஸ்' என்ற தன் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உங்கள் மகன் கைப்பேசியிலேயே அந்த ஹோட்டலின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். முதலாளிகள் வெளிநாட்டில் எந்த ஆள்சேர்ப்பவரைப் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியலையும் அதே துறை வெளியிடுகிறது. அதில் உங்கள் ஏஜென்டின் பெயர் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பணி ஆணையின் நகலை விசாவுக்கு விண்ணப்பிக்கும் நேரத்துக்குள், தேவையென்றால் தொழிலாளிக்குப் புரியும் மொழியில், கொடுத்தாக வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேட்டுப் பாருங்கள். ஏஜென்டின் முகம் போகிற போக்கிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மூன்று ஆண்டு, கிரீன் கார்டு என்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். எச்-2பியில் நீட்டிப்புகளைச் சேர்த்து ஒருவர் தொடர்ந்து தங்கக்கூடிய உச்ச வரம்புதான் மூன்று ஆண்டு. அது முடிந்தால் நாட்டை விட்டு வெளியேறி, 60 நாளாவது வெளியே இருந்துவிட்டுத்தான் மீண்டும் வர முடியும். உச்ச வரம்பை வாக்குறுதியாக மாற்றிவிட்டார் ஏஜென்ட். இந்த விசாவே, திரும்பிப் போக வீடு இருக்கிறது என்று காட்டுகிறவருக்குத் தரப்படுவது. அதிலிருந்து கிரீன் கார்டுக்குத் தானாக இட்டுச்செல்லும் படி எதுவும் கிடையாது. முதலாளி தனியாக மனுப் போட்டாலும், இந்தியருக்கு அந்த வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது. முதலாளிகள் இந்த விசாவை விரும்புவதற்கு முக்கியக் காரணமே சீசன் முடிந்ததும் ஆள் திரும்பிவிடுவார் என்பதுதான். அவர்களுடைய ஆதரவைக் காட்டி நிரந்தரக் குடியிருப்பை விற்பது, அறுவடைக்கு ஆள் கூப்பிட்டவர் நிலத்தை எழுதித் தருவார் என்பதைப் போன்றது.

இப்போது கணக்குக்கு வருவோம். வேலை உண்மையானதாகவே இருக்கட்டும். மணிக்கு 16 டாலர், வாரம் 35 மணி நேரம், 39 வாரம் என்று வைத்துக்கொள்வோம். டாலருக்கு 85 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். எல்லா மணி நேரமும் வேலை கிடைத்தால் 21,840 டாலர். விவசாய விசாவில் போகிறவருக்கு விலக்கு இருக்கிற சமூகப் பாதுகாப்பு வரி, எச்-2பியில் போகும் நம்மவருக்கு 7.65 சதவீதம் பிடிக்கப்படும்; அது ஏறக்குறைய 1,670 டாலர். வாடகையும் சாப்பாடும் மாதம் 900 டாலர் என்றால் ஒன்பது மாதத்துக்கு 8,100. எஞ்சுவது 12,070 டாலர் அளவில், அதாவது வருமான வரி போகுமுன் பத்தேகால் லட்சம் ரூபாய். இதில் ஏஜென்டின் ஆறரை லட்சத்தைக் கழியுங்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஒன்பது மாத வட்டி 1,17,000-ஐயும் கழியுங்கள். கையில் நிற்பது இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். உங்கள் மகன் கானாடுகாத்தானில் அதே ஒன்பது மாதத்தில் சம்பாதிப்பது 1,62,000. கடல் கடந்து போனதன் லாபம் ஒரு லட்சத்தை எட்டவில்லை. சட்டப்படி முதலாளி உறுதி தர வேண்டியது ஒவ்வொரு பன்னிரண்டு வாரத்திலும் நான்கில் மூன்று பங்கு மணி நேரத்துக்கு மட்டுமே. அந்தக் குறைந்தபட்சமே கிடைத்தால், செலவு போக மிஞ்சுவது ஆறு லட்சம். ஏஜென்டுக்குக் கொடுத்ததே திரும்பி வராது, வட்டி தனி. ஏஜென்டுக்குப் பணமே கொடுக்காமல் போகிறவனுக்கோ முழு வேலை கிடைத்தால் பத்து லட்சமும் தன்னுடையது. ஆகவே நான் இந்த விசாவைக் குறை சொல்லவில்லை. அந்த ஆறரை லட்சத்தைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பணத்தை வாங்க எவருக்கும் உரிமையும் இல்லை. எச்-2பி விதிகளின்படி, முதலாளியோ அவருடைய வக்கீலோ ஏஜென்டோ ஆள்சேர்ப்புக்காகத் தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. விசாக் கட்டணமான 205 டாலரைத் தொழிலாளி செலுத்தியிருந்தால், முதல் வேலை வாரத்திலேயே முதலாளி அதைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் பாதியை முடித்தால் வந்த பயணச் செலவும், முழுவதையும் முடித்தால் திரும்பும் செலவும் அவருடையது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது குற்றம். நம் நாட்டுச் சட்டமும் இதில் ஊமையில்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறாமல் ஆள் அனுப்புவது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரியது. பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400-க்கு மேல் வாங்கக் கூடாது. நீங்கள் கொடுத்த முன்பணமே அதைத் தாண்டிவிட்டது.

என் அலுவலகச் சுவரில் பழைய சம்பளச் சீட்டு ஒன்றின் நகலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்ய, போன காலத்தில், அங்குள்ள பெட்டியடிக்கு (கடைக்கு) ஆள் அனுப்பும்போது நகரத்தார் எழுதிக்கொண்டது. தவணை மூன்று ஆண்டு. சம்பளம் இவ்வளவு, அதில் முன்பணமாக இவ்வளவு என்று தெளிவாக இருக்கும். வருகிறவர்களிடம் அந்த முன்பண வரியைத்தான் விரலை வைத்துக் காட்டுவேன். கடல் கடந்து போகிறவனுக்கு முதலாளி முன்பணம் கொடுத்தார், அந்தப் பணம் அவன் வீட்டில் தங்கியது. அதே காலத்தில் இதே சீமையிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்சேர்ப்பு மேற்பார்வையாளர்களின் கீழ்த் தோட்ட வேலைக்குப் போனவர்களுக்கோ வழிச்செலவே கடனாக ஏறியது. இலங்கையில் அந்தக் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் ஆளோடு சேர்த்து மாற்றினார்கள், 1921-இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது, பணம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதை. உங்கள் விஷயத்தில் அது உங்கள் வீட்டிலிருந்து வெளியே நடக்கிறது.

இதே எச்-2பியில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, சிக்னல் இன்டர்நேஷனல் என்ற கப்பல் பழுதுபார்ப்பு நிறுவனத்துக்காக இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 500 வெல்டர்களையும் குழாய் பொருத்துநர்களையும் மிசிசிப்பிக்கும் டெக்ஸாஸுக்கும் கொண்டுபோனார்கள். ஒவ்வொருவரும் பத்தாயிரம் டாலருக்குக் குறையாமல் ஆள்சேர்ப்பவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கும் சொல்லப்பட்டது கிரீன் கார்டுதான். இருபத்துநான்கு பேர் ஓர் அறையில் அடைபட்டுக் கிடந்ததற்கு மாதம் 1,050 டாலர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. வட்டி ஊரில் ஏறிக்கொண்டிருந்ததால் வேலையை உதறிவிட்டு வரவும் முடியவில்லை. 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தின் ஜூரி ஐந்து தொழிலாளர்களுக்கு மட்டும் 1.4 கோடி டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் அந்த ஆண்டே திவால் மனுக் கொடுத்தது. புயலுக்குப் பின் அந்த நிறுவனத்துக்கும் ஆள் தேவை உண்மையாகவே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இப்போது வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளும் வசதியையும், வேலை போனால் 60 நாள் அவகாசத்தையும் 2025-இல் வந்த விதிகள் தந்திருக்கின்றன. கடன் இல்லாதவனுக்குத்தான் அவை பயன்படும்.

உங்கள் கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்படுத்தியது, தூதரகத்தில் பொய் சொல்லச் சொன்ன வரி. பணம் கொடுத்தாயா என்று அதிகாரி கேட்பதே, வாங்கியவரைப் பிடிப்பதற்காக. உண்மையைச் சொன்னால் முதலாளியின் மனு ரத்தாகலாம், விசா கிடைக்காமல் போகலாம், இழப்பு அவ்வளவே. பொய் சொல்லிப் பிறகு தெரியவந்தால், அது விசாவுக்காகச் செய்த மோசடி என்று பதிவாகி, அமெரிக்காவுக்குள் நுழைய நிரந்தரத் தடையாக உங்கள் மகன் பெயரில் நிற்கும். ஏஜென்டின் பெயரில் எதுவும் நிற்காது. பையன் எந்தத் தூதரகத்திலும் எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது.

அவனுக்கு வெளிநாட்டு அனுபவம் வேண்டும் என்றால், நம் பக்கத்துக்குப் பழகிய சிங்கப்பூரை ஏன் பார்க்கக் கூடாது? 2023 செப்டம்பர் முதல், ஹோட்டல் அறைப் பராமரிப்புக்கும் இந்திய உணவகச் சமையலுக்கும் இந்தியரை ஒர்க் பர்மிட்டில் எடுக்க அந்நாடு அனுமதித்திருக்கிறது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். அங்கும் ஆள் கிடைக்காத முதலாளிகளின் தேவைதான் கதவைத் திறந்தது. ஆனால் அந்த அரசு முதலாளியிடம் வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு மாதந்தோறும் லெவி என்ற கட்டணம் வாங்குகிறது, ஆளுக்கு 5,000 வெள்ளி பிணைத்தொகை கேட்கிறது, இரண்டையும் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. அங்குள்ள ஏஜென்ட் வாங்கக்கூடியதும் ஒப்பந்த ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். செட்டிநாட்டு விடுதியில் ஐந்து வருடம் வேலை பார்த்த அனுபவத்துக்கு அங்கே மதிப்பு இருக்கும் என்பது என் எண்ணம். சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் அவன் பெயரைப் பதிந்து வைக்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஏஜென்டிடம் தொலைபேசியில் பேச வேண்டாம். முன்பணம் கொடுத்த தேதி, தொகை, யார் கையில் கொடுத்தது என்பதைக் குறிப்பிட்டு, பணத்தையும் பாஸ்போர்ட்டையும் ஏழு நாளுக்குள் திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில், கொடுத்ததற்கான சான்றுடன் எழுதுங்கள். அவருடைய பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண்ணே இல்லையென்றாலோ பாஸ்போர்ட் வரவில்லையென்றாலோ, கடிதத்தின் நகலுடன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பணயமாக வைத்துக்கொள்ள ஏஜென்டுக்கு அதிகாரம் இல்லை என்ற வாக்கியத்தைக் கடிதத்தில் மறக்காமல் சேருங்கள். அந்த ஒற்றைப் பக்க ஆஃபர் லெட்டரின் அசலையும் முன்பணம் கொடுத்ததற்கான ரசீதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ரசீது தரவில்லை என்றால், பணம் எடுத்த நாளின் வங்கிப் பதிவும் ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் போதுமான சாட்சி. அவற்றை இன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.